ஒப்படைத்த கேள்வி

ராணுவ விமானம் ஒன்று பறப்பதற்கு முன்னால் ஒரு படிவத்தில் பல கையெழுத்துகள் விழ வேண்டும். இந்திய விமானப்படையில் அதற்குப் ‘படிவம் 700’ என்று பெயர். உடற்பகுதியைப் பார்த்தவர், எஞ்சினைப் பார்த்தவர், மின் இணைப்புகளைப் பார்த்தவர், ரேடியோவையும் ரேடாரையும் பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் தன் தன் பகுதிக்குக் கையெழுத்திடுவார்கள். கடைசியில் விமானி படித்துப் பார்த்து, ஏற்றுக்கொண்டதாகத் தன் கையெழுத்தைப் போடுவார். நடுவில் ஒன்று விடுபட்டாலும் விமானம் நகராது.

ஏவியானிக்ஸ் வேலை செய்பவருக்கு இருக்கும் அதிகாரம் இதுதான். நூறு பின் உள்ள ஒரு கனெக்டரில் ஒரே ஒரு பின்னில் பச்சை படிந்திருக்கிறது என்பதற்காக முழு விமானத்தையும் தரையில் நிறுத்தி வைக்கலாம். பதவியில் மூன்று படி மேலே இருப்பவர் வந்து நின்றாலும், “சரி பண்ணாம போகாது சார்” என்று சொல்லலாம். நான் சொல்லியிருக்கிறேன். அதை யாரும் கீழ்ப்படியாமையாக எடுத்துக்கொண்டதில்லை. அப்படிச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. விமானம் எப்படி இருக்கிறது என்று எழுதப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. எதற்குப் போகிறது என்பது கையெழுத்திடுபவரின் விஷயமல்ல.

பதினான்கு ஆண்டுகள் விமானப்படையில் இருந்துவிட்டு இப்போது பயணிகள் விமானங்களில் வேலை பார்க்கிறேன். மல்டிமீட்டர் அதே மல்டிமீட்டர்தான். வேலையை மாற்றிக்கொண்டபோது பலரும் என்னிடம் நிம்மதியாகப் பேசினார்கள். “இனிமே குண்டு போடற பிளேன் இல்லைல்ல?” என்று அம்மா கேட்டாள். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்மா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதற்குள்ளே இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பழுது பார்த்த கைக்கு, அந்தப் பொருள் பிறகு செய்யும் காரியத்தில் பங்கு உண்டா? உண்டு என்றால், சிவில் வேலைக்கு வந்துவிட்டால் அந்தப் பங்கு கழிந்துவிடுமா?

*

முதலில் கதவைப் பற்றி. ராணுவத்தில் பெண்கள் என்று பேச ஆரம்பித்தாலே நாம் கதவைப் பற்றித்தான் பேசுகிறோம். எப்போது திறந்தது, எவ்வளவு திறந்தது, யார் முதலில் நுழைந்தார்கள் என்று.

விமானப்படை 1990களின் தொடக்கத்தில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்க ஆரம்பித்தது. தொழில்நுட்பப் பிரிவிலும் குறுகிய காலப் பணி அதிகாரிகளாகச் சேர்ந்தோம். போர் விமானங்களை ஓட்ட 2016-இல் மூன்று பெண்கள் வந்தார்கள். அதிகாரி அல்லாத படிநிலைகளில், அதாவது ஸ்பேனரையும் சால்டரிங் அயர்னையும் கையில் பிடிக்கும் படிநிலைகளில், பெண்கள் அக்னிவீர்வாயுவாக வந்தது 2023-இல்தான். முப்பது ஆண்டுகள் ஒரு விசித்திரமான நிலைமை இருந்தது. மேற்பார்வை பார்த்துக் கையெழுத்திடப் பெண் வரலாம், திருப்புளியைப் பிடிக்கும் வேலைக்கு வர முடியாது. படித்த பெண்ணுக்கு அதிகாரம் கொடுப்பதைவிடப் படிக்க வசதியில்லாத பெண்ணுக்கு ஒரு கைத்தொழில் கொடுப்பது நம் நாட்டில் கடினமாக இருக்கிறது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஜாலஹள்ளியில் பயிற்சி முடித்து வந்தவள். வேலையைச் சொல்லிக் கொடுத்தவர் என்னைவிடப் பதவியில் கீழே, வயதில் பதினைந்து ஆண்டு மூத்தவரான ஒரு சார்ஜென்ட். கண்ணால் பார்ப்பதற்கு முன் விரல் நுனியால் வயரைத் தடவிப் பார்க்கச் சொல்வார். உறை லேசாக உப்பியிருந்தால் உள்ளே சூடு ஏறியிருக்கிறது. கனெக்டரைக் கழற்றினால் முகர்ந்து பாருங்கள் மேடம், கருகிய வாடை கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும் என்பார். கடலோரத் தளங்களில் உப்புக்காற்று பின்களில் ஏறும். காலையில் வேலை செய்த ரேடியோ, மதியம் வெயிலில் உடல் விரிந்ததும் மௌனமாகிவிடும். தரையில் எல்லாம் சரியாக இருக்கும், மேலே போனால் மட்டும் வரும் பழுதை அங்கே ‘ஸ்நாக்’ என்று எழுதி வைப்பார்கள். அதைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆகலாம். பிடித்ததும் கிடைக்கும் சந்தோஷம் உண்மையானது. அதில் கொலையும் இல்லை, தேசமும் இல்லை. ஒரு பொருளை அது இருக்க வேண்டிய விதத்துக்குத் திரும்பக் கொண்டுவந்த சந்தோஷம் மட்டுமே.

அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெண்களுக்கு மறுக்கப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு திரையாகவும் இருக்க முடியும்.

*

எந்த விமானத்தில் வேலை பார்த்தேன் என்று கேட்பவர்களிடம் ஏ.என். 32 என்று சொன்னால் முகம் தெளிந்துவிடும். “ஓ, சரக்கு விமானமா? வெள்ளத்துக்கெல்லாம் போறதுதானே?” நல்ல விமானம், கெட்ட விமானம் என்று பிரித்துக்கொண்டால் கேள்வி சுலபமாகிவிடுகிறது.

அந்த விமானத்தின் கதையே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1987 ஜூன் 3 அன்று யாழ்ப்பாணத்துக்கு நிவாரணப் பொருள்களோடு போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4, ஐந்து ஏ.என். 32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் துணையோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டுவிட்டு வந்தன. அதற்கு ‘பூமாலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதி காக்கும் படை என்ற பெயரில் இந்தியச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு அதே வகை விமானங்கள் அதே வடக்குக்குப் போயின. அக்டோபரில் அந்தப் படை யாழ்ப்பாண நகரத்தின் மீதே போர் தொடுத்தது. ஜூனில் அரிசி, அக்டோபரில் போர். இடையில் ரேடியோவும் ரேடாரும் மாறவில்லை. அவற்றைப் பழுது பார்த்தவர்களும் மாறியிருக்க மாட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவள். ஆனால் எனக்குப் பின்னால் வந்த அதே படிவத்தில் அவர்கள் அன்று கையெழுத்திட்டிருப்பார்கள்.

இன்னொரு தேதியும் உண்டு. 1966 மார்ச் 5. மிசோ கிளர்ச்சியின்போது இந்திய விமானப்படையின் தூஃபானி, ஹன்டர் விமானங்கள் ஐசால் நகரத்தின் மீது தாக்குதல் நடத்தின. சொந்த நாட்டுக் குடிமக்களின் ஊர். மிசோ மக்கள் அந்த நாளை இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்ட போர்களின் வரிசை வேறு. ஐசாலைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டது, விமானப்படையை விட்டு வந்த பிறகு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் தண்ணீரில் மூழ்கியபோது அரக்கோணம் கடற்படைத் தளம்தான் ஓடுபாதையாக இருந்தது. மொட்டை மாடிகளிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்த இயந்திரத்தின் பறக்கும் நிலை காக்கப்பட்டிருந்தது உயிர். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என். 32 வங்கக் கடலில் காணாமல் போனது. உள்ளே 29 பேர். அதன் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிப்பு வர 2024 ஜனவரி ஆயிற்று. அந்த ஏழரை ஆண்டுகளில் அந்த வகை விமானத்தில் கை வைத்த ஒவ்வொருவரும் என்ன நினைத்திருப்போம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. கையெழுத்தின் கனம் எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே விமானத்தை வைத்துப் பாவ புண்ணியத்தைப் பிரிக்க வழியில்லை. பொருள் ஒன்றுதான். போகும் இடம் மாறுகிறது. அந்த இடத்தைத் தீர்மானிப்பவர் வேறொருவர். அதனால் எனக்குப் பங்கில்லை என்று முடித்துவிடலாமா?

*

தமிழில் இந்தக் கேள்வி பழையது. அதற்குச் சொல்லப்பட்ட பதிலும் பழையது. புறநானூற்றின் 312ஆம் பாட்டைப் பாடியவர் பொன்முடியார் என்ற பெண். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். பிள்ளையைப் பெறுவது தாயின் பொறுப்பு, அவனை ஆளாக்குவது தகப்பனின் பொறுப்பு, ஆயுதம் செய்து தருவது கொல்லனின் பொறுப்பு, நெறிப்படுத்துவது அரசனின் பொறுப்பு, களத்தில் யானையை வீழ்த்தித் திரும்புவது அவன் பொறுப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டது. படிவம் 700 போலவே கச்சிதமான பட்டியல். அதிலும் அந்த ஒரு கட்டம் இல்லை. எதற்குப் போர் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பட்டியலின் முதல் கையெழுத்து பெண்ணுடையது.

ஔவையார் 95ஆம் பாட்டில் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்க்கிறார். அங்கே வேல்கள் எண்ணெய் பூசி, அலங்காரத்தோடு புதிதாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொல்கிறார். எங்களைப் போன்ற பழுது பார்ப்பவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய வரி அதுவாகத்தான் இருக்க வேண்டும். தூது போன பெண்ணின் வாய்ச்சாதுரியத்தை நமக்குப் பாராட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த வேல் நுனிகள் எதில் பட்டு முறிந்தன என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

மொழியும் இந்த மறைப்பில் பங்கெடுக்கிறது. இறக்கைக்குக் கீழே தொங்கும் குண்டுக்கு எங்கள் தொழிலில் ‘ஸ்டோர்ஸ்’ என்று பெயர். மளிகைச் சாமானுக்கும் அதே சொல்தான். அமெரிக்க ஆய்வாளர் கேரல் கோன், அணு ஆயுத வல்லுநர்களோடு இருந்து பார்த்து 1987-இல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் துறை மொழியைக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, குண்டு விழும் இடத்தில் இருப்பவரின் பக்கம் நின்று எதையும் யோசிக்கவே முடியாமல் போகிறது என்பது அவர் கண்டது. அந்த மொழியில் ஆயுதம் பாதிக்கப்படும், மனிதர் பாதிக்கப்பட வார்த்தை கிடையாது. சோதனை மேசையில் உட்கார்ந்து ‘ஸ்டோர்ஸ் ரிலீஸ் சர்க்யூட் ஓகே’ என்று எழுதும் கைக்கு, அந்த வாக்கியத்தில் யாரையும் பார்க்க முடியாது.

*

எங்கள் வீட்டில் ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. சிவகங்கைப் பக்கம். அரிவாளுக்குப் பேர் போன திருப்பாச்சேத்தி எங்கள் ஊருக்கு அதிக தூரமில்லை. தாத்தா கதிர் அறுக்கும் அரிவாள், களைக்கொத்து, கடப்பாரை எல்லாம் அடிப்பார். வீச்சரிவாளும் அடிப்பார். உலையில் துருத்தி இழுத்தவள் அப்பத்தா. தேவைப்பட்டால் சம்மட்டியும் பிடிப்பாள். ஊரில் அது தாத்தாவின் பட்டறை. அவள் பெயரைச் சொல்லி யாரும் அரிவாள் வாங்கியதில்லை.

ஆனால் கேள்வி கேட்டவள் அவள்தான். முகம் தெரியாத ஆள் வந்து வீச்சரிவாள் வேண்டும் என்றால், தாத்தா நீளத்தையும் எடையையும் கேட்பார். அப்பத்தா துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டு, “ஏப்பா, யாருக்கு? எதுக்கு?” என்பாள். பதில் திருப்தியாக இல்லை என்றால், “இன்னைக்கு உலை மூட்டல, அடுத்த வாரம் வா” என்று சொல்லிவிடுவாள். அவர் உலை பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். வந்தவன் போன பிறகு தாத்தா திட்டுவார். “நாம அடிக்கலன்னா வேற எவனாவது அடிச்சுக் குடுக்கப் போறான். அரிசி வாங்கக் காசு யாரு குடுப்பா?” அவள் சொன்ன பதிலை அப்பா அடிக்கடி எங்களுக்குச் சொல்லுவார்: “அவன் உலையில அவன் கேட்டுக்கட்டும். இது என் உலை.”

அப்பத்தா கொலைகளைத் தடுத்தாளா? தெரியாது, தடுத்திருக்க வாய்ப்புக் குறைவு. தாத்தா சொன்னது போல அடுத்த ஊரில் பட்டறை இருந்தது. இந்த வாதம் உலகம் முழுக்க ஆயுதம் செய்பவர்கள் சொல்வது. அதன் பலவீனம் இதுதான்: அது விளைவைப் பற்றி மட்டும் பேசுகிறது. அப்பத்தா விளைவைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் கை எதில் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்தாள். பொன்முடியாரின் பட்டியலில் கொல்லன் இருக்கிறான், துருத்தி இழுத்தவள் இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாதவள்தான் பட்டியலில் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

*

அப்பத்தா செய்ததை நான் படையில் செய்ய முடியுமா? முடியாது. 1950ஆம் ஆண்டின் விமானப்படைச் சட்டத்தின்படி சட்டப்பூர்வமான உத்தரவை மீறுவது தண்டனைக்குரிய குற்றம். இதை அநியாயம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. ஒரு வாதத்தை மனதாரக் கேட்க வேண்டும். ஆயுதம் ஏந்திய ஓர் அமைப்பில் ஒவ்வொருவரும் இது எந்தப் போர், எனக்குப் பிடித்த போரா என்று தீர்மானிக்க ஆரம்பித்தால், அது படையாக இருக்காது. அண்டை நாடுகளில் படைகளே அரசியலைத் தீர்மானித்ததன் விலையை மக்கள் கொடுத்திருக்கிறார்கள். படை கேள்வி கேட்காமல் இருப்பது, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்குக் கட்டுப்பட்டு இருப்பதன் மறுபக்கம்.

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டால் அடுத்து ஒரு விஷயம் வருகிறது. சீருடை போடும்போது ‘எதற்கு’ என்ற கேள்வியை நான் ஒழித்துவிடவில்லை. வேறொருவரிடம் ஒப்படைக்கிறேன். ஊருக்குப் போகும்போது நகையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது போல. யாரிடம்? அரசிடம் என்று சொல்வார்கள். அரசு கேள்விக்கு உள்ளாகும் பக்கம், அதனிடமே கேள்வியை ஒப்படைக்க முடியாது. சீருடை போடாதவர்களிடம்தான் ஒப்படைக்க முடியும். வாக்களிப்பவர்களிடம், பேப்பர் படிப்பவர்களிடம், அம்மாவிடம். நான் உள்ளே இருந்து ‘எப்படி’ என்பதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வெளியில் இருந்து ‘எதற்கு’ என்பதைக் கேட்டுக்கொண்டிருங்கள் என்பதுதான் அந்த ஒப்பந்தம்.

வெளியே இருப்பவர்கள் கேட்காவிட்டால், ஒப்படைத்த பொருள் தொலைந்துபோகிறது. அப்போது எங்கள் கையெழுத்து வெறும் கீழ்ப்படிதலாகிவிடுகிறது.

*

வெளியே வந்தேன். பதினான்கு ஆண்டு முடிந்ததும் குறுகிய காலப் பணி அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடையாது. அதற்கு இருபது ஆண்டுகள் வேண்டும். நிரந்தரப் பணி பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அந்த இருபதை எட்ட வழியே இருக்கவில்லை. 1990களில் சேர்ந்து வெளியேற்றப்பட்ட 32 பெண் விமானப்படை அதிகாரிகளுக்கு ஓய்வூதியப் பலன்களுக்கு வழி செய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 நவம்பரில்.

சிவில் விமானத்தில் கையெழுத்திட வேண்டுமானால் டி.ஜி.சி.ஏ. தரும் உரிமம் வேண்டும். ஏவியானிக்ஸுக்கு பி2 வகை. எலக்ட்ரானிக்ஸ் அடிப்படையிலிருந்து விமானச் சட்டம்வரை பாடம் பாடமாகத் தேர்வு. ராணுவ அனுபவத்தைக் கணக்கில் எடுத்தாலும், அதற்கு மேல் சிவில் சூழலில் வேலை செய்த காலத்தையும் காட்ட வேண்டும். நான் செய்த வேலைகளின் பதிவுகள் எல்லாம் படையோடு இருக்கின்றன. கொண்டுவர முடியாது. முப்பத்தெட்டு வயதில், இருபத்திரண்டு வயதுப் பையன்களோடு, உரிமம் இல்லாத டெக்னீஷியனாக ஒரு ஹேங்கரில் சேர்ந்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக டூல் பாக்ஸ் என் பேரில் இருந்தது. கைக்குத் தெரிந்ததைக் காகிதம் ஒப்புக்கொள்ளாத நிலைமை எனக்குப் புதிது. அப்பத்தாவுக்கு அது ஆயுள் முழுக்க இருந்தது.

நேர்காணலில் ஒரு நிறுவனத்தில் என்னிடம் ஏவியானிக்ஸ் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார்கள். மீதி எல்லாம் இரவு ஷிஃப்ட் பற்றியும் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது பற்றியும். பயணிகள் விமானம் பகலில் பறந்து இரவில்தான் கைக்கு வரும், ஆகவே இரவு வேலை தவிர்க்க முடியாதது. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களின் இரவு வேலையைத் தடுத்ததை 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சட்டம் போனது. கேள்வி போகவில்லை.

சிவில் வேலையில் நான் கண்ட பெரிய வித்தியாசம் பாடப்புத்தகத்தில் இருந்தது. ‘மனிதக் காரணிகள்’ என்று ஒரு முழுப் பாடம். கனடாவின் போக்குவரத்துத் துறையில் கார்டன் டுபாண்ட் 1993-இல் தொகுத்த பட்டியல் ஒன்று உலகம் முழுக்க ஹேங்கர் சுவர்களில் தொங்குகிறது. பராமரிப்புத் தவறுகளுக்கு இட்டுச்செல்லும் பன்னிரண்டு காரணங்கள். களைப்பு, அவசரம், கவனச்சிதறல் என்று போகும் பட்டியலில் ஒன்று, தட்டிக் கேட்கத் தயங்குவது. தெரிந்தும் வாய் திறக்காதது விமானத்தை விழ வைக்கும் காரணங்களில் ஒன்று என்று அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு அதை நல்ல குணம் என்று சொல்லி வளர்க்கிறோம்.

ஆனால் இங்கேயும் வாய் திறக்கலாம் என்பது ‘எப்படி’ என்பதற்குத்தான். படையில் உத்தரவு அழுத்தும், இங்கே நிமிடக் கணக்கில் நஷ்டம் அழுத்தும். எந்தப் பழுதோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று ஒரு புத்தகமே இருக்கிறது, சில பழுதுகளுக்கு 3 நாள், சிலவற்றுக்கு 10, சிலவற்றுக்கு 120. அந்தக் கணக்கில் நான் வாதாடலாம். விமானம் எதைச் சுமக்கிறது என்பது இங்கேயும் என் கட்டத்தில் வராது. வாடகைக்கு எடுக்கும் சிவில் விமானம் துருப்புகளை ஏற்றும். புகலிடம் கேட்டு வந்தவர்களைக் கட்டாயமாகத் திருப்பி அனுப்பவும் செய்யும். ஜெர்மனியில் அப்படிப்பட்ட பயணங்களை ஓட்ட மறுத்த விமானிகளைப் பற்றி 2017-இல் செய்திகள் வந்தன. ஆக, சிவில் என்ற சொல் வேலையைச் சுத்தம் செய்துவிடவில்லை.

*

வேறு என்ன மாறியது? ஸ்காட்லாந்தில் நடந்த ஒன்றிலிருந்து அதைப் புரிந்துகொண்டேன்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலி நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஹன்டர் விமானங்கள் அதிபர் மாளிகையின் மீது குண்டு வீசின. ஐசாலுக்குப் போன அதே வகை விமானம். மறு ஆண்டு அந்த ஹன்டர்களின் எஞ்சின்கள் பழுது பார்க்க ஈஸ்ட் கில்பிரைடில் உள்ள ரோல்ஸ் ராய்ஸ் தொழிற்சாலைக்கு வந்தன. அவை எங்கிருந்து வந்தவை என்று கண்டுகொண்ட தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். எஞ்சின்கள் நான்கு ஆண்டுகள் வெளியில் மழையில் கிடந்தன. அவர்கள் எஞ்சினில் எந்தப் பழுதையும் சொல்லவில்லை. இது யாருக்கு, எதற்கு என்று கேட்டார்கள். அப்பத்தாவின் கேள்விதான், ஒரு தொழிற்சாலை அளவில்.

அவர்களால் கேட்க முடிந்ததற்கு இரண்டு காரணங்கள். அவர்கள் சீருடையில் இல்லை. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. முதலாவது எனக்கு இப்போது கிடைத்திருக்கிறது. இரண்டாவது இல்லை. என்னோடு வேலை செய்யும் பையன்களில் பாதிப் பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். ஒப்பந்தம் எப்போது புதுப்பிக்கப்படும் என்று தெரியாதவனிடம் மனசாட்சிப்படி மறுத்துப் பேசு என்று சொல்வது, கணவன் வீட்டைத் தவிரப் போக்கிடம் இல்லாதவளிடம் எதிர்த்துப் பேசு என்று சொல்வது போன்றது. மறுக்கும் உரிமை நெஞ்சுரத்தில் மட்டும் இல்லை, மறுத்த பிறகு மறுநாள் உலை வைக்க அரிசி இருப்பதிலும் இருக்கிறது.

வர்ஜீனியா வுல்ஃப் 1938-இல் எழுதிய ‘மூன்று கினிகள்’ புத்தகத்தில், போரைத் தடுக்க உதவுமாறு கேட்கும் ஓர் ஆணுக்குப் பதில் எழுதுகிறார். அப்போதுதான் பெண்களுக்குத் தொழில்களின் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. ஆண்களின் அந்த ஊர்வலத்தில் சேர வேண்டுமா, சேர்ந்தால் என்ன நிபந்தனையோடு சேர வேண்டும், அந்த ஊர்வலம் நம்மை எங்கே கூட்டிப் போகிறது என்று கேட்கிறார். கதவைத் திறக்கச் சொல்லிப் போராடியதற்கு நான் நன்றி உள்ளவள். அந்தப் போராட்டம் இல்லாமல் என் கைக்கு இந்தத் தொழில் கிடைத்திருக்காது. ஆனால் கதவு திறந்ததும் நாம் கொண்டாடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். போர் விமானத்தில் ஏறிய பெண்ணின் படத்தைப் பகிர்ந்த அளவுக்கு, அந்த விமானம் எங்கே போகிறது என்று கேட்டோமா? உள்ளே போனவள் கேட்க முடியாது. அதை நம்மிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

கேட்பது சும்மா இல்லை என்பதும் தெரியும். இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அங்கே மருத்துவப் பீடத்தில் இருந்த ராஜினி திராணகம, படையினரால் பெண்களுக்கு நேர்ந்ததை வீடு வீடாகக் கேட்டு எழுதினார். ஆயுதம் வைத்திருந்த எல்லாத் தரப்பையும் பார்த்து எதற்கு என்று கேட்டார். ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களில் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஏ.என். 32-இன் வரலாற்றில் அவர் பெயர் வராது. ஆனால் அந்த விமானங்கள் எதைச் சுமந்து போயின என்பதன் மீதிக் கணக்கை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

இப்போது என் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். பழுது பார்த்த கைக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு, அந்தக் கைக்குக் கேட்கவும் மறுக்கவும் எவ்வளவு இடம் இருந்தது என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும். சிவில் வேலைக்கு வந்ததால் அது கழிவதில்லை, கூடுகிறது. சிவில் என்ற சொல்லின் வேரில் இருப்பது குடிமகன், குடிமகள் என்ற பொருள். சீருடையைக் கழற்றிய அன்று, நான் ஒப்படைத்திருந்த கேள்வி என் கைக்குத் திரும்ப வந்துவிட்டது. எனக்கு முன்னால் வந்தவர்கள் ஒப்படைத்ததும், இப்போது உள்ளே இருப்பவர்கள் ஒப்படைத்ததும் சேர்ந்து வந்திருக்கிறது.

2023-இல் சேர்ந்த பெண்களில் ஒருத்தி இந்நேரம் ஏதோ ஒரு தளத்தில், வெயிலில் சுடும் அலுமினியத்தின் மீது குனிந்து விரல் நுனியால் ஒரு வயரைத் தடவிக்கொண்டிருப்பாள். நான்கு ஆண்டு முடிந்தால் அவளில் பெரும்பாலோருக்கு வேலை கிடையாது, கால்வாசிப் பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். வெளியே வந்தால் அவளுக்கும் உரிமம் என்று ஒரு நீண்ட வரிசை காத்திருக்கும். அந்த வரிசையைச் சுருக்க நாம் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை அவள் தன் பகுதிக்குச் சரியாகக் கையெழுத்திடுவாள் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. அவளுடைய படிவத்தில் இல்லாத கட்டத்தை நிரப்ப வேண்டியவர்கள் நாம். இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் அதில் சேர்த்தி.